அடித்தல் திருத்தல் இல்லாமல்

4-3-62, ஞாயிறு
மழை. உலை வைத்துவிட்டுப் பேத்தியின் பழைய கொப்பியை எடுத்தேன். பருப்பு வெந்து சோறு வடிப்பதற்குள் ஏழு பக்கம். ஒரு கதை முடிந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது.

எனக்கு இப்படித்தான் எழுத வரும். பேனா நின்றால் பயம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும், அஞ்சாம் வகுப்புக்காரிக்குக் கதை ஒரு கேடா என்று. அதனால் அடிப்பதில்லை, திருத்துவதில்லை, திரும்பிப் படிப்பதுமில்லை. இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அஞ்சுவரை படித்த பொம்பளை நான் ஒருத்திதான். அதையும் எழுதி வைக்கிறேன்.

5-3-62
டிக்கோயாவுக்கு நடந்துபோய்க் கதையைக் கொழும்புப் பேப்பருக்குத் தபாலில் போட்டேன். கடைக்கார நஸார் நானாதான் உறையில் விலாசம் எழுதித் தந்தார்.
"ஒருக்கா படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்களேன் ஆயா."
"படிச்சா அனுப்ப மாட்டேன் நானா."
"படிச்சுப் பாக்காம போடுறது மொட்டைக் கடிதாசிதான்!" என்று சிரித்தார்.

7-3-62
மகள் ராசம்மாவிடம் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. லயத்துக்குக் கீழே கொழுந்து லொறி நிற்கிறது. கொழுந்தை இறக்கிவிட்டு வந்துதான் ஆஸ்பத்திரி என்கிறார் கணக்கப்பிள்ளை. லொறி திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை.

ராசம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். "ஐயோ அம்மா, இது நம்ம நாகலெட்சுமிக்கு நடந்ததாச்சே!"
"இல்லடி, நானே யோசிச்சு எழுதுனது."
"லொறி நின்ன எடத்தக்கூட நீ மாத்தலியே!"

சத்தியமாக நினைத்து எழுதவில்லை. கை ஓடியது, நான் பின்னால் ஓடினேன். இரண்டு வருஷமாக லயத்தில் ஒருவரும் வாய் திறக்காத விஷயம். அன்றைக்கு லொறியைத் தராத சின்னராசா கணக்கப்பிள்ளை நினைத்தால், செக்ரோல் பதிவேட்டில் ராசம்மாவின் பேரை வெட்டிவிடலாம். பேர் போனால் நாங்கள் குடியிருக்கும் காம்பராவும் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவோம்?

8-3-62
பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத ஓடவில்லை.

21-3-62
கடிதம் வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் தபால் கொடுப்பது சின்னராசா கணக்கப்பிள்ளைதான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கொழும்புல இருந்து ஒனக்கு யாரு கடிதாசி போடுறா, ஆயா?"
"சொந்தக்காரங்கய்யா."

காம்பராவுக்கு வந்து பிரித்தேன். கதையைப் போடப்போகிறார்களாம். ஒரே ஒரு சந்தேகமாம். முதல் நாலு பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் பேர் மாயாண்டி. கடைசி மூன்று பக்கத்தில் சின்னராசா. எது சரி?

சின்னராசாவா? நானா எழுதினேன்? அவர் கையிலிருந்துதானே இந்தக் கடிதத்தை வாங்கி வந்தேன்!

22-3-62
"கதையே வேணாம்னு எழுதிப் போடும்மா" என்று ராசம்மா அழுகிறாள். அப்படி எழுத ஏன் முடியவில்லை? அச்சில் என் பேர் வரும் என்ற ஆசையா? ஆசைதான். அது மட்டும்தானா — தெரியவில்லை.

23-3-62
'மாயாண்டி' என்று எழுதிப் போட்டுவிட்டேன். ஏழு பக்கம் ஓடிய கைக்கு இந்த நாலு எழுத்து எழுத ஒரு காலை முழுக்க ஆனது. திரும்பும் வழியில், பீலியடியில் காளியாயி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமியைப் பெற்றவள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

8-4-62, ஞாயிறு
வந்துவிட்டது. அழகம்மா, டிக்கோயா. என் பேர்தான், அச்சில். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

யார் சொன்னார்களோ, காளியாயி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "படி" என்றாள். படித்தேன். கடைசிவரை கேட்டாள்.
"அவன் பேரு மாயாண்டி இல்லையே."
அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

9-4-62
கணக்கப்பிள்ளையின் கோட்டுப் பையில் அந்தப் பேப்பர் மடித்து இருந்ததாம். ராசம்மாவின் பேரைக் கடைசியாகக் கூப்பிட்டாராம். அதுவரை பேர் வெட்டுப்பட்டுவிட்டது என்றே நினைத்தாளாம்.

12-4-62
இன்னும் வெட்டவில்லை. வெட்டாமல் வைத்திருக்கிறாரே, அதுதான் அதிகப் பயம்.

3-5-62
காலையில் மூக்கன் பெண்சாதிக்கு வலி கண்டது. யார் போய்க் கேட்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லொறி லயத்து வாசலில் வந்து நின்றது. கொழுந்துச் சாக்குகளை ரோட்டோரத்தில் இறக்கிப் போட்டிருந்தார்கள். சின்னராசா கணக்கப்பிள்ளை தன் கையாலேயே பின்பலகையைத் திறந்தார்.
"ஏத்துங்க, ஏத்துங்க! நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்."

திரும்பியபோது வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். முதலில் கண்ணைத் தாழ்த்தியவள் நான் இல்லை.

ராசம்மா இன்றும் மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். கொழுந்து வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்குகளின் பக்கத்தில் நின்று, லொறி வளைவில் மறையும்வரை காளியாயி பார்த்துக்கொண்டே இருந்தாள்.