பொட்டு வைக்காத மிஷின்

28.9.2025, ஞாயிறு

இன்னைக்குக் கறி எடுத்தோம். எடுத்தோம்னா, நான் எடுத்தேன். புரட்டாசி மாசம்ங்கறதால கடையில் ஈ காக்கா இல்லை. என்னைப் பார்த்ததும் கடைக்காரர் எந்திரிச்சே நின்னுட்டார், பொண்ணு பார்க்க வந்தவங்களைக் கண்ட மாதிரி. எங்கூட்டுக்காரர் மாரப்பன் ரசம் ஊத்திச் சாப்பிட்டுட்டு என் தட்டையே பார்த்துட்டு இருந்தார். "பார்த்தா மட்டும் பாவமில்லீங்களா?"ன்னேன். எந்திரிச்சுப் போயிட்டார். பக்கத்து ஊட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு மூணு தடவை வாசலுக்கு வந்துட்டுப் போனாங்க. வாசம் பிடிக்கத்தான்.

வெளியில் அவங்ககிட்ட இவர் என்னவோ சொல்லிட்டிருந்தார். என்னன்னு எனக்குத் தெரியாதா? "அவ சும்மா கேலிக்குப் பேசுவாளுங்க. உள்ளுக்குள்ள பக்தி இருக்குதுங்க." கல்யாணமான நாள்ல இருந்து எனக்காக இந்தப் பொய்யைச் சொல்லிட்டு வர்றார். பாவம், நல்ல மனுசன்.

(இந்த டைரி போன வருசத்துது, கம்பெனிக்கு நூல் விக்கறவர் கொடுத்தது. கிழமையெல்லாம் தப்பு. அடிச்சுட்டு எழுதறேன். அஞ்சாங்கிளாஸ்காரிக்கு இது போதும்.)

30.9.2025, செவ்வாய்

பனியன் கம்பெனியில் ஒரு நாள் முன்னாலயே ஆயுத பூஜை. வருசா வருசம் இந்த ஒரு நாள் லீவு போட்டுக்குவேன். வயித்து வலி, பல் வலி, ஊட்டுக்கு ஒறம்பரை வந்துட்டாங்க, எட்டு வருசத்துக்கு எட்டுக் காரணம். இந்த வருசம் ஷிப்மெண்ட் அவசரம், லீவே இல்லைன்னுட்டாங்க.

மத்தியானம் மிஷினையெல்லாம் நிறுத்தித் துடைச்சோம். என் ஓவர்லாக் தையல் மிஷினைப் பிரிச்சு, பஞ்செல்லாம் ஊதி, எண்ணெய் விட்டு, ஊசி மாத்தி, புதுப் பொண்ணு மாதிரி வெச்சேன். அப்பறம் சத்யப்பிரியா வந்தா. நாலு மாசத்துக்கு முன்னால வந்த லைன் சூப்பர்வைசர். என் மகள் வயசு இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தா. அவங்கவங்க மிஷினுக்கு அவங்கவங்களே சந்தனம் குங்குமம் வெச்சுட்டுப் பக்கத்துல நிக்கோணுமாம், போட்டோவாம்.

"அக்கா, உங்க மிஷினுக்குப் பொட்டு?"

"அதுக்கு நெத்தி எங்கீன்னு தெரியலையே கண்ணு."

லைனே சிரிச்சுது. எப்பவும் இதோட முடிஞ்சு போகும். அவ சிரிக்கலை. "விளையாடாதீங்க. வைங்க"ன்னு கிண்ணத்தை நீட்டினா.

அப்பத்தான், எனக்கு என்ன ஆச்சோ, சிரிக்காமச் சொல்லிட்டேன். "நான் சாமி கும்பிடறதில்லை கண்ணு. நிசமாத்தான். எனக்குச் சாமின்னு ஒண்ணு இல்லை. நீங்க கும்பிடறதை நான் ஒண்ணும் சொல்லலை. என்னைய விட்டுரு."

முப்பத்திரண்டு மிஷினும் ஏற்கெனவே நின்னுட்டுத்தான் இருந்துச்சு. ஆனா அப்பத்தான் நின்ன மாதிரி இருந்துச்சு.

எட்டு வருசமா இதே பேச்சைத்தானே பேசறேன்? சிரிச்சுட்டுச் சொன்னா "வேலாத்தாளுக்கு வாய் ஜாஸ்தி"ன்னு விட்டுர்றாங்க. மூஞ்சியை நேரா வெச்சுட்டுச் சொன்னா மட்டும்?

பொரி கொடுத்தாங்க. ரெண்டு கையையும் நீட்டினேன், பொரி மேல எனக்கென்ன கோவம். "சாமி வேண்டாமாம், பொரி மட்டும் வேணுமாம்." சொன்னது சுப்புலட்சுமி. எட்டு வருசமா என் சோத்துப் போசியில் கை விட்டுக் கொழம்பு எடுத்துத் திங்கறவ.

1.10.2025

போட்டோ கம்பெனி வாட்ஸப் குரூப்பில் வந்திருக்கு. என் மிஷின் இருக்கற பக்கம் வெட்டிட்டாங்க. ஓரத்துல என் கை மட்டும் பாதி தெரியுது.

6.10.2025, திங்கள்

பூங்குழலி விரல்ல ஊசி இறங்கிருச்சு. நகத்துல ஏறி அந்தப் பக்கம் வந்துருச்சு. எனக்கு அடுத்த மிஷின்ல சிங்கர் ஓட்டற புள்ளை, போன மாசம்தான் சேர்ந்தா. கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்துட்டு விரலையே பார்த்துட்டு இருந்தா. நான்தான் சக்கரத்தைக் கையால சுத்தி ஊசியைத் தூக்கினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஊசித் துண்டு ஒண்ணு உள்ளயே நின்னுருச்சாம்.

ஊசிக்கு முன்னால கம்பியில் ஒரு தடுப்பு இருக்கும், கார்டுன்னு சொல்லுவோம். அது இருந்தா விரல் உள்ளே போகாது. இந்த அவசர ஆர்டர் வந்ததும் பீஸ் திருப்பத் தொந்தரவா இருக்குதுன்னு எல்லா மிஷின்லயும் கழட்டச் சொன்னதே சத்யப்பிரியாதான். அன்னைக்கே வேண்டாம் கண்ணுன்னேன். "டார்கெட்டை நீங்க வந்து முடிச்சுக் குடுப்பீங்களா?"ன்னா.

7.10.2025

இன்னைக்கு வந்ததும் வராததுமா பேச்சு ஆரம்பிச்சுருச்சு. பொட்டு வைக்காத மிஷின் பக்கத்துல உக்காந்ததாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "குத்துனது என் மிஷினா? அவ மிஷினுக்குத்தான் லைன்லயே பெரிய பொட்டு. சந்தனம் ஒரு கை, குங்குமம் ஒரு கை, மேல சாமந்தி மாலை வேற. அதைக் கேளுங்க போய், ஏன் குத்துனேன்னு."

யாரும் சிரிக்கலை. கடைசி மிஷின்ல இருந்து ஒருத்தி, "வாய் அழுகிப் போகும்"ன்னா. இன்னொருத்தி, "புள்ளை இல்லாதவளுக்கு அடுத்தவ புள்ளை அருமை எங்க தெரியும்"ன்னா.

குனிஞ்சு நூலைக் கோத்து மிஷினை மிதிச்சேன்.

8.10.2025, புதன்

சாப்பாட்டுக்கு உக்காந்தேன், பக்கத்துல உக்காந்திருந்த நாலு பேரும் எந்திரிச்சு மாடிப்படிக்குப் போயிட்டாங்க. தக்காளிக் கொழம்பு நிறையக் கொண்டு போயிருந்தேன், பழக்கத்துல.

சுப்புலட்சுமி மட்டும் குழாய்கிட்ட வந்து கையைப் பிடிச்சா. "ஏன் வேலாத்தா இப்படி ஆயிட்டே? புள்ளை இல்லைங்கற கோவமா? யாராச்சும் செத்தாங்களா? என்ன நடந்துச்சு உனக்கு?"

ஒண்ணும் நடக்கலை. இதை யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. என்னமோ பெரிய அடி பட்டுத்தான் சாமி மேல கோவமாயிட்டேன்னு நினைக்கறாங்க. இல்லாதவங்க மேல எப்படிக் கோவப்படறது? சின்ன வயசுல எல்லாரும் கண்ணை மூடினப்ப நானும் மூடினேன். இருட்டா இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். அவ்வளவுதான் கதை.

ஊட்டுல மாரப்பன் எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். "நீ சொல்லாமயே இருந்திருக்கலாமில்ல? ஒரு பொட்டுத்தானே. வெச்சா உன் கை தேஞ்சுருமா?"

"தேயாதுங்க."

"அப்பறமென்ன?"

மீந்து வந்த தக்காளிக் கொழம்பைச் சூடு பண்ணப் போயிட்டேன்.

9.10.2025, வியாழன்

முதலாளி லிங்கசாமி கூப்பிட்டு விட்டார். பதினோரு பேர் என்கூட ஒரே லைன்ல உக்கார மாட்டோம்ன்னு சொல்லிட்டாங்களாம்.

"எனக்கு உன்மேல கோவமில்லம்மா. ஆனா லைன் ஓடோணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, நம்ம அம்மன்கிட்டப் பூப் போட்டுப் பாத்தர்றேன். வெள்ளை வந்தா இரு. செவப்பு வந்தா வேற பக்கம் பாத்துக்க."

அவர் எல்லாத்துக்கும் பூத்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவப்பு அரளி ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வெச்சு எடுக்கறது. ஜெனரேட்டர் வாங்கவே ரெண்டு தடவை செவப்பு வந்து, மூணாவது வெள்ளை வந்தப்பறம்தான் வாங்கினார். அதுவரைக்கும் கரெண்ட் போனா இருட்டுல உக்காந்திருந்தோம்.

"ஏனுங்க, என் பீஸை எடுத்துப் பாருங்க. எட்டு வருசத்துல ஒரு பீஸ் திரும்பி வந்திருக்குதுங்களா? அந்தக் கார்டைக் கழட்டினது யாருன்னு விசாரிங்க."

"அது வேற, இது வேறம்மா"ன்னுட்டார்.

10.10.2025, வெள்ளி

நானும் கோயிலுக்கு வரோணும்னாங்க. போனேன். உள்ளே போகலை, செருப்பு விடற இடத்துல நின்னுட்டேன். சத்யப்பிரியா, சுப்புலட்சுமி, இன்னும் ஏழெட்டுப் பேர். ஒரு மனுசியோட பொழைப்பை எடை போட எத்தனை பேர்! பூசாரி ரெண்டு பொட்டலத்தையும் குலுக்கி வெச்சார். மணி அடிச்சுது. ஒண்ணை எடுத்தார்.

பொய் எழுத மாட்டேன். அவர் பிரிக்கறப்ப வெள்ளை வரோணும், வெள்ளை வரோணும்ன்னு நினைச்சேன். யாருகிட்ட நினைச்சேன்? யாருகிட்டயும் இல்லை. மழையில நிக்கறப்ப பஸ் வரோணும்னு நினைப்போமே, அப்படித்தான். அப்படித்தானா? அப்படித்தான்.

வெள்ளை.

சுப்புலட்சுமி ஓடி வந்து கட்டிப் பிடிச்சு அழுதா. "பாத்தியா! நீ வேண்டாம்ன்னாலும் ஆத்தா உன்னை வேண்டாங்கலை." சத்யப்பிரியாகூடக் கன்னத்துல போட்டுக்கிட்டா. சாயங்காலம் மாரப்பன் இனிப்பு வாங்கிட்டு வந்தார். எல்லாருக்கும் சந்தோசம். நான் ஒரு லட்டுத் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

13.10.2025, திங்கள்

மறுபடியும் எல்லாரும் பக்கத்துல உக்காந்து சாப்பிடறாங்க. என் கொழம்புல எட்டுக் கை.

ஆனா காத்தால நான் வர்றதுக்குள்ளே யாரோ என் மிஷின் மேல பூ வெச்சிருக்காங்க. எடுத்து ஓரமா வெச்சுட்டு வேலையைப் பார்த்தேன்.

20.10.2025

தீபாவளி. முறுக்குச் சுட்டேன். "சாமிக்குப் படைக்காத முறுக்கு"ன்னு சொல்லித்தான் கொடுத்தேன். பக்கத்து ஊட்டம்மா, "போ வேலாத்தா, நீ ஆத்தா புள்ளை"ன்னு சிரிச்சாங்க. பூ விழுந்த கதை இங்க வரைக்கும் வந்துருச்சு.

3.11.2025, திங்கள்

என் மிஷின் இப்ப பெரிய ஆள். புது லாட் ஆரம்பிக்கறப்ப முதல் பீஸ் என்கிட்டத்தான் ஓட்டோணுமாம், ராசியாம். வர்றவளும் போறவளும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. நான் என்ன சொன்னாலும் "அம்மன் உன்னை வெச்சு விளையாடறா"ங்கறாங்க. திட்டினப்பவாச்சும் நான் சொன்னது காதுல விழுந்துச்சு. இப்ப அதுவும் விழறதில்லை.

கார்டு? இன்னும் மாட்டலை. நாலு தடவை சொல்லிட்டேன்.

7.11.2025, வெள்ளி

பூங்குழலி வேலைக்குத் திரும்பி வந்துட்டா. விரல்ல கட்டு. வந்து நேரா என் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டா. அப்பறம் கார்டு இல்லாத அதே மிஷின்ல போய் உக்காந்தா.

"கண்ணு, இதைக் கும்பிடாத. போய்க் கார்டு மாட்டச் சொல்லிக் கேளு. நானும் வர்றேன்."

"இனிமே எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அதான் உங்க மிஷின் பக்கத்துல இருக்குதே."



8.11.2025, சனி

முதலாளிகிட்டப் போனேன். கேலி கீலி ஒண்ணும் இல்லை. "கார்டு மாட்டுங்க. அப்பறம், பூ விழுந்ததுக்காக என்னை வெச்சிருந்தா வேண்டாமுங்க. நான் தைக்கறதுக்காக வெச்சிருக்கறதுன்னா, அதை லைன்ல எல்லாருக்கும் முன்னால ஒரு தடவை சொல்லுங்க. போதும்."

முதல்ல சிரிச்சார். நான் சிரிக்கலைன்னதும் மூஞ்சி மாறிருச்சு. "உனக்கு இந்த வேலையைக் குடுத்ததே ஆத்தா. அவளையே வேண்டாங்கறயா? என்ன பொம்பளைம்மா நீ? என் கம்பெனிக்குள்ள நின்னுட்டு... கார்டு மாட்டறதும் மாட்டாததும் உன் சோலி இல்லை. போய் உக்காரு."

உக்காரலை. நூல் வெட்டற கத்தரியையும் போசியையும் எடுத்துட்டு வந்துட்டேன். சுப்புலட்சுமி கதவுகிட்ட நின்னு, "ஆத்தா குடுத்ததை எட்டி உதைக்கறாளே, இவ உருப்படுவாளா"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னா. அழுதுட்டுத்தான் சொன்னா. பூங்குழலி நிமிர்ந்து பார்த்தா. பார்த்துட்டு என் மிஷின் மேல கை வெச்சா.

அந்தக் கையை எப்படி மறக்கறது.

9.11.2025

பக்கத்து ஊட்டம்மா வாசல்ல நின்னு, "ஏனுங்க, ஆத்தாவே வெச்ச வேலையை உங்கூட்டம்மா உட்டுட்டாங்களாமே?"ன்னாங்க. மாரப்பன், "அவளுக்குச் சாமி இல்லீங்க"ன்னார். உள்ளே வந்து சோத்தைப் போட்டுத் தின்னுட்டுப் படுத்துட்டார்.

12.11.2025

வேலை கேட்டுப் போன ரெண்டு கம்பெனியில் இல்லைன்னுட்டாங்க. ஒண்ணுல, "நீங்கதானா அது?"ன்னு கேட்டாங்க.

17.11.2025, திங்கள்

பல்லடம் ரோட்டுல ஒரு சின்னப் பவர் டேபிள், கூலிக்குத் தைச்சுக் குடுக்கற இடம். பத்து மிஷின் இருந்தா ஜாஸ்தி. நடத்தறது பழனியம்மாள்ன்னு ஒரு அம்மா, என்னைவிட மூத்தவங்க. நெத்தி நிறையத் திருநீறு, மேசை மேல முருகன், ஊதுபத்தி புகைஞ்சுட்டு இருக்கு. சரி, இதுவும் போச்சுன்னுதான் நினைச்சேன்.

உக்காரறதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன். "நான் சாமி கும்பிடறதில்லீங்க. பூஜை அன்னைக்கு மிஷினைத் துடைப்பேன், பொட்டு வைக்க மாட்டேன். பின்னால பிரச்சனை வரக் கூடாதுன்னு முன்னாலயே சொல்றேன்."

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. பிடிக்கலைன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஊதுபத்திச் சாம்பலை விரல்ல தட்டிவிட்டாங்க.

"ஃப்ளாட்லாக் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேனுங்க."

"அந்த மூணாவது மிஷின்."

போய் உக்காந்தேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் எதுவும் கேக்கலை. நாலு மணிக்கு அந்தம்மாவே டீ ஊத்திக் கொண்டு வந்தாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏனுங்க, இதுக்குச் சக்கரையைக் காட்டவாச்சும் செஞ்சீங்களா?"ன்னேன். பக்கத்து மிஷின்காரி களுக்குன்னு சிரிச்சுட்டா. அந்தம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உள்ளே போய், சக்கரை டப்பாவை எடுத்துட்டு வந்து என் முன்னால டங்குன்னு வெச்சாங்க.