ஜப்பான் பெட்டியும் ஜெர்மன் பெட்டியும்

ஜனவரி 9, 1977, ஞாயிறு

காலையில் பனி. கச்சேரி ரோடே காணவில்லை. பால்காரன் மணியை வைத்துத்தான் வழி கண்டுபிடித்தேன்.

மச்சான் குமரேசன் கப்பல் பம்பாய் வந்துவிட்டது. எதிர்க் கடைக்கு டிரங்க் கால் வந்தது. போகிக்கு இங்கே இருப்பான். தம்பி வருகிறான் என்று கமலாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். பீரோ மேல் இருக்கும் விமானம் ஒன்றுதான் இடிக்கிறது.

போன தடவை ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. மஞ்சள் பட்டு ஒட்டிய மரம், நாலு முழம் இறக்கை. கையில் ஒரு ரேடியோ பெட்டி, அதில் இரண்டு குச்சி. குச்சியை அசைத்தால் மேலே அது திரும்பும். அன்றைக்கு நான் சொன்னேன்: "இதெல்லாம் மீனம்பாக்கத்துல மந்திரி எதிர்லயே விட்டிருக்கேன். தலைகீழா சுத்திக் காட்டினேன்." (மீனம்பாக்கத்தில் இருந்தது நிஜம். பங்கா மாட்டினேன். மந்திரி வந்ததும் நிஜம்.) சொல்லிச் சொல்லி இப்போது எனக்கே அந்தக் கைதட்டல் காதில் கேட்கிறது.

குமரேசன் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனான். கப்பலில் ஸ்டோர் பார்ப்பவன். ஒரு வருஷச் சேமிப்பு அந்த விமானம். காணும் பொங்கலுக்கு அவன் எதிரில் நான் பறக்கவிட வேண்டும் என்று பேச்சு. தெருச் சங்கத்தார் நோட்டீசும் அடித்துவிட்டார்கள். என் பெயர் சாக்கு ஓட்டத்துக்கு அடுத்த வரி.

இதுவரை விட்டதில்லை. பெரிய விஷயமில்லை. ஒரு வாரம் இருக்கிறது.

சாயங்காலம் ரெஜினா டீச்சரைப் பார்க்க அடையாறு போனேன். சாந்தோமில் கணக்கு டீச்சர். என்.சி.சி. விமானப் பிரிவு. இஸ்திரிப் பெட்டி ரிப்பேருக்கு என் கடைக்கு வந்து பழக்கம். பெசன்ட் நகரில் இன்னும் வீடு முளைக்காத வெட்டவெளியில் விமானம் விடுகிறார். விஷயத்தைச் சொல்லி, பழக்கிவிடக் கேட்டேன். சுருக்கமாக.

"ஒரே பெட்டியைக் கை மாத்தி மாத்திப் பழகினா, மாத்துற நேரத்துல அது தரைக்கு வந்துடும் சார். ரெண்டு பெட்டியை ஒயரால சேர்க்கணும். உங்களுது ஜப்பான், என்னுது ஜெர்மன். சேருமான்னு தெரியாது."

"சேர்த்துடலாம். நான் சேர்க்காததா?"

"எங்க சேர்த்தீங்க?"

"மிலிட்டரி ரகசியம்."

சிரித்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தார்.

ஜனவரி 10, திங்கள்

கடையில் கூட்டம் இல்லை. இரண்டு பெட்டியையும் திறந்து போட்டேன். சம்பந்தி வீட்டார் இரண்டு பேரை ஒரே பந்தியில் உட்காரவைத்த மாதிரி. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை.

ஏற்பாடு இப்படி. விமானம் ஜப்பான் பெட்டிக்குத்தான் கட்டுப்படும். ஆகவே அது ரெ. டீச்சர் கையில். ஜெர்மன் பெட்டி என் கையில். அதிலுள்ள கிரிஸ்டலைப் பிடுங்கிவிட்டால் அது தானாக அலை அனுப்பாது, ஒயர் வழியாக மட்டும் பேசும். ரெ. ஒரு ஸ்பிரிங் சுவிட்சை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை என் குச்சி சொன்னபடி பறக்கும். விட்டால் உடனே அவர் கைக்குப் போய்விடும்.

கிரிஸ்டலைப் பிடுங்க மறந்துபோனேன். இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் கத்த, விமானத்தின் வால் மலேரியா கண்ட மாதிரி உதறியது. பிடுங்கினேன். அப்புறமும் உதறல். பள்ளிக்கூடம் விட்டு ரெ. வந்து பார்த்து, ஜெர்மன் துடிப்பு தலைகீழாக வருகிறது, ஒரு டிரான்சிஸ்டர் போட்டுத் திருப்ப வேண்டும் என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டேன். உதறல் நின்றது. ஜெர்மன்காரன் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்து வேலை கொடுத்திருப்பான்.

அடுத்த கோளாறு. நான் என்ஜின் குச்சியைத் தள்ளினால் வால் தூக்குகிறது. ஜெர்மன்காரனுடைய முதல் ஒயர் ஜப்பான்காரனுக்கு மூன்றாவது.

"பெட்டி என்னுது சார், பார்த்துப் பத்தவைங்க" என்றார் ரெ.

உள்ளே ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். சரியாயிற்று. விரலில் கொப்புளம். ராணுவத்தில் இதற்கெல்லாம் மெடல் உண்டு.

வாங்க: விளக்கெண்ணெய் (என்ஜினுக்கு), கரும்பு, கமலாவுக்கு மஞ்சள் கொத்து.

ஜனவரி 11, செவ்வாய்

பெசன்ட் நகர் வெட்டவெளி. காற்று பலம். பறக்கவில்லை, நடுக்குறி சரிபார்த்ததோடு சரி. ரெ. சுவிட்சை அமுக்குவார், விடுவார், அமுக்குவார். இரண்டு பெட்டியின் நடு நிலையும் ஒன்றாக இருந்தால் வால் அசையாது. அசைந்தால் திருகு. மறுபடி. மறுபடி.

"கை மாறினது விமானத்துக்கே தெரியக்கூடாது சார்."

வலை உலர்த்த வந்த மீனவர்கள் இரண்டு பேர் குந்தி வேடிக்கை.

"இன்னா நைனா இது, வண்டு கணக்கா கீது?"

"தண்ணில வுயுந்தா நம்முளுது, சொல்ட்டேன்."

கடைசியில் வால் அசையவில்லை. திருப்பதி தரிசனம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஜனவரி 12, புதன்

பறந்தேன். ரெ. ஏற்றி, உயரத்தில் நிறுத்தி, "இப்ப உங்களுது" என்று சுவிட்சை அமுக்கினார். நேராகக் கடலைப் பார்த்துப் போனது. அசல் பைலட் போல விட்டுப்பிடிக்கலாம் என்று இருந்தேன். அவர் பிடுங்கிக்கொண்டார்.

போகும்போது பிரமாதமாக விடுகிறேன். என்னைப் பார்த்து வரும்போதுதான் இடது வலதாகிறது. திருப்பத் திருப்ப இன்னும் சாய்கிறது.

"யோசிக்காதீங்க சார். எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்க. சாயிற பந்தலுக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி."

இது என் மொழி. அதற்கப்புறம் ஒரு சுற்று நானே. அரை சுற்றுக்குக் கூடவே இருக்கும்.

இறக்கக் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே நிபந்தனை.

"ஏத்துறதும் இறக்குறதும் நான். நடுவுல நீங்க. யாராவது கேட்டா நிஜத்தைச் சொல்லிடுவேன்."

"கேட்டா நானே முந்திக்கிட்டுச் சொல்லிடுவேன் டீச்சர்."

"அதான் பயமா இருக்கு."

ஜனவரி 13, வியாழன்

போகி. தெருவெல்லாம் டயர் புகை. குமரேசன் வந்து, துணிப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே பீரோவுக்குப் போனான். இறக்கையைத் தடவி விரலை மோந்து பார்த்தான்.

"மாமா! விளக்கெண்ணெய் வாசனை அடிக்குது. டெய்லி விட்டுக்கினு கீறீங்களா?"

"பின்ன? சும்மா வச்சா துருப்பிடிச்சிடும்."

"கப்பல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மாமா. எங்க மாமா மந்திரிக்கே விட்டுக் காட்டினவர்னு."

கப்பல் வரைக்கும் போய்விட்டேன். பரவாயில்லை, பெருமைதான். ஆனால் மரத்தில் இருந்த ஒரு சின்னக் கீறலை அவன் குழந்தை முழங்காலைப் பார்ப்பது போலப் பார்த்தான். அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். பொங்கியது. வடை எட்டு. கமலா ஐந்து என்கிறாள்.

ஜனவரி 16, ஞாயிறு

காணும் பொங்கல். தெருவே வேனில். புளியோதரை மூட்டைகள். வழியெங்கும் கடற்கரைக்குப் போகும் ஜனம். நான் தொப்பி போட்டிருந்தேன், பைலட் தொப்பி மாதிரி இருக்கட்டும் என்று.

ரெ. முன்பே வந்து காத்திருந்தார். ஒயரை மாட்டினோம். வால் அசையவில்லை.

"மாமா, நம்ம பெட்டி டீச்சர் கையில கீது?" என்றான் குமரேசன்.

"எனக்கு ஜெர்மன் குச்சிதான் கைக்கு வாகு. அவங்க கையில இருக்கிறது அலை மட்டும் அனுப்பும்."

இது பொய்கூட இல்லை. ரெ. வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஏற்றினார். கொடுத்தார். இரண்டு சுற்று நான். தெரு கைதட்டியது. செயலாளர் மைக்கில் என் பெயரைத் தப்பாகச் சொன்னார். போதும், இறக்கிவிடலாம் என்று ரெ. கண்ணைக் காட்டினார். கடல் காற்று, ஆகவே மேற்கே போய்த் திரும்பிக் காற்றை எதிர்த்து வர வேண்டும். மேற்கே திருப்பி, எங்களைப் பார்த்து வளைத்தேன். இனி அவர் வாங்கிக்கொள்வார்.

வாங்கவில்லை.

"சார், சூரியனுக்குள்ள போயிடுச்சு. எனக்குத் தெரியலை. உங்களுக்கு?" ரகசியமாக.

"தெரியுது." தொப்பி மறைப்பில் தெரிந்தது. ஒரு கறுப்புப் புள்ளி.

"கீழ கொண்டு வாங்க. மெதுவா."

வந்தது. இறங்க இறங்கப் பெரிதானது. தென்னை உயரம் வந்ததும், "இப்ப தெரியுது" என்றார். நான் விரலைத் தளர்த்தப் போனேன். "வேணாம்! இவ்ளோ கீழ கை மாத்தக் கூடாது. நீங்களே."

மந்திரி ஞாபகமே வரவில்லை. எனக்கு.

இடது கைப் பக்கம் இறக்கை தாழ்ந்தது. முட்டுக்கொடுத்தேன். வலது கைப் பக்கம். முட்டு. என்ஜினை அடக்கினேன். மணலில் ஒரு தவளைக் குதி, இன்னொன்று, மூக்கைக் குத்தி நின்றது. மூக்கிலிருந்த காற்றாடியின் நுனி உடைந்தது. மற்றபடி முழுசு. குமரேசன் ஓடிப்போய் எடுத்து மணலைத் துடைத்தான்.

கைதட்டினார்கள். உடனே சாக்கு ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

குமரேசன் வந்தான். "நல்லா இருந்தது மாமா. ஆனா மந்திரிக்குத் தலைகீழா சுத்திக் காட்டினீங்களே, நமக்கு மட்டும் சும்மா ரெண்டு ரவுண்டா?"

"காத்துடா" என்றேன்.

ரெ. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் சுவிட்சின் தடம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. கடைசி வரை விடவே இல்லை.

ஜனவரி 17, திங்கள்

மேகமூட்டம். கடை திறக்கத் தாமதம். புதுக் காற்றாடி வாங்க குமரேசன் பாரிஸ் கார்னர் பக்கம் போயிருக்கிறான்.

கமலாவிடம் சொன்னேன். "நேத்து அதை இறக்கினது நான்."

"சரி."

"இல்ல கமலா. நானே இறக்கினேன். டீச்சர் தொடவே இல்ல."

"பின்ன, பக்கத்து வூட்டுக்காரரா வந்து இறக்குவாரு? வெந்நி ஆறுது, போய்க் குளிங்க."