ஆயுத பூஜைக்குத் திறந்த பிரேக் ஆயில் டப்பா

இன்று காலை கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன், இரும்பு பீரோவின் மேல்தட்டைக் காலி செய்யும்போது ஒரு டப்பாவைக் கையில் எடுத்தான். அரை லிட்டர் பிரேக் ஆயில் டப்பா, ஸீல் உடைக்காதது. மூடியில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவிலிருந்த குங்குமம் அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. "எந்தக் காலத்து டப்பா பாய் இது? தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டான். "வைடா கீழ!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், ஏணியிலேயே தடுமாறிவிட்டான். அவன்மேல் எனக்கு என்ன கோபம்? எல்லாக் கோபமும் உன்மேல்தான். செத்துப்போய் வருடங்கள் ஆகியும் நீ என்னைக் கத்த வைக்கிறாய்.

உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன, சும்மாவா விட்டாய்? கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவரின் ஒரே பிள்ளை நீ. நான் திருவண்ணாமலை தேரடிக்குப் பக்கத்தில் லாரி, கார் சாமான் விற்கிறவன். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோஷம், கடைசிவரை விடவில்லை. கையில் காசு புழங்கிய மற்றவர்கள் டிராக்டர் வாங்கினார்கள், நிலம் வாங்கினார்கள். நீ ஒரு பழைய பியட் காரை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கி எறிந்து, கதவில் நம்பர் எழுதி, வருடா வருடம் மெட்ராஸ் பக்கத்துச் சோழவரத்து ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டக் கிளம்பினாய். கார் ஓட்டுவது நீ, சாமான் தேடி அலைவது நான்.

எந்தப் பிரேக் ஆயிலை வாங்குவது என்பதிலேயே நமக்குச் சண்டை. கடையில் பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் சரக்கில் ஒரு சொட்டை எடுப்பாய். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்ப்பாய். மூக்கில் வைத்து முகர்வாய். மில்லில் எண்ணெய் பார்க்கிற அதே பார்வை. "நல்லா பிசுக்கா கீதுடா, இதையே குடு" என்பாய். மெதுவாகப் போய் மெதுவாக நிற்கிற வண்டிக்கு அது போதும். ஓடுதளத்தில் தலைதெறிக்க வந்து, வளைவில் மிதித்து, மறுபடி தலைதெறிக்கப் போய், மறுபடி மிதிக்கிறவனுக்குப் போதுமா? சக்கரத்து டிரம்மில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். அந்தச் சூடெல்லாம் பிரேக் ஆயிலுக்குத்தான் போய்ச் சேரும். கொதிக்காமல் தாங்கினால்தான் வண்டி நிற்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் நானே மெட்ராஸுக்குப் போய், சூடு தாங்குகிற ரகமாகப் பார்த்து ஸீல் வைத்த டப்பா ஒன்று வாங்கி வந்தேன்.

"பூஜையில வெக்கணும், முன்னாடியே குடுத்துடு" என்று வாங்கிப் போனாய். ஆயுத பூஜை அன்று உன் மில் கொட்டகைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாய். காருக்கு மாலை, ஜாக்கிக்குச் சந்தனம், ஸ்பேனருக்குக் குங்குமம், ஹெல்மெட்டின் மேல் ஒரு செம்பருத்தி. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அப்போது நீ ஓர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து, எண்ணெய் டின்னுக்குப் போடுகிற மாதிரி, அந்த டப்பாவின் தலையில் இரண்டு ஓட்டை போட்டாய். நான் பாய்ந்து உன் கையைப் பிடித்தேன்.

"டேய், அத ஏன்டா தொறந்த? ரேஸு தை மாசம்டா!"

"ஸீலோட வெச்சா சாமி எதப் பாக்கும்? வீட்டப் பூட்டிட்டு விருந்தாளியக் கூப்பிடச் சொல்றியா?"

"தொறந்து வெச்சா அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும்டா. தண்ணி சேந்துச்சுன்னா சூடு தாங்காது."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எண்ணெயும் தண்ணியும் என்னிக்குடா சேந்துச்சு? பொறந்ததுலேர்ந்து எண்ணெயிலயே பொரண்டவன்கிட்ட வந்து பேசற பேச்சா இது?"

அது உன் மில் எண்ணெயின் ஜாதியே இல்லை, தண்ணீரைத் தேடிப் பிடித்துக் குடிக்கிற சரக்கு என்று மெட்ராஸ் கடைக்காரர் எனக்குச் சொன்னதை அப்படியே உனக்குச் சொன்னேன். "இது எங்க சாமி விஷயம் பாயி, நீ கம்முனு சுண்டல் சாப்பிடு" என்று இலையில் இன்னொரு கரண்டி வைத்தாய். சாமி என்று நீ ஆரம்பித்தால் நான் அதற்கு மேல் என்ன பேச முடியும்? அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

ஓட்டைகளைப் பழைய துணித்திரியால் அடைத்து, கொட்டகையின் மூலையில் வைத்தாய். அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. வீட்டில் உப்பு ஜாடியில் உப்பு கசிந்து நின்றது. மலையில் தீபம் ஏற்றியபோதுகூடத் தூறல். அத்தனை ஈரத்திலும் அந்த டப்பா வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தை பிறந்ததும் காரின் பழைய பிரேக் ஆயிலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற உட்கார்ந்தோம். என் கடையிலிருந்து வேறு டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். "பூஜையில வெச்சத விட்டுட்டு வேற ஊத்தினா ஆகாது" என்று என் கையைத் தள்ளிவிட்டாய். அது போதாதென்று மில் புனலை வேறு எடுத்து வந்தாய். கடலை எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிப்போகும் என்று அதையாவது பிடுங்கி எறிந்தேன். பிறகு குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கிற வேலை. நான் காருக்கு அடியில் படுத்து, சக்கரத்துப் பக்கம் இருக்கிற நிப்பிளைத் திறக்க வேண்டும், நீ பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், நான் மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்கிற வேலை. நீ போன வருடத்து ரேஸில் யாருடைய டயரோ வெடித்த கதையைச் சொல்லிக்கொண்டே, கதை சூடு பிடித்தபோது காலை எடுத்துவிட்டாய். உறிஞ்சிக்கொண்டு காற்று உள்ளே போயிற்று. மறுபடி முதலிலிருந்து. "அமுக்குடா, பிடிடா, விடாதடா" என்று நான் கத்தியது மில்லில் செக்குச் சத்தத்தையும் மீறிக் கேட்டதாக உன் ஆட்கள் பின்னால் சொன்னார்கள்.

ரேஸ் அன்று வளைவுக்குப் பக்கத்தில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். முதல் சுற்றுகள் நன்றாகத்தான் போயின. பிரேக் பிடிக்கும்போது உன் காரின் மூக்கு கொஞ்சம் தாழும், அதைப் பார்த்துதான் எனக்கு மூச்சு வரும். அப்புறம் ஒரு சுற்றில் மூக்கு தாழவில்லை. கார் வளையாமல் நேரே வந்து வைக்கோலுக்குள் புகுந்தது. வைக்கோலும் புழுதியுமாகப் பறந்ததில் கார் இருக்கிற இடமே தெரியவில்லை. யா அல்லாஹ் என்று ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஜன்னல் வழியாக நீ ஊர்ந்து வெளியே வந்தாய், தலை முழுக்க வைக்கோல், உதட்டில் ரத்தம். "மிதிச்சேன்டா. காத்த மிதிச்ச மாதிரி கால் அடி வரைக்கும் போயிடுச்சு" என்றாய்.

உள்ளே சேர்ந்த தண்ணீர் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் காரைக் கட்டி இழுத்து வந்து நிறுத்துவதற்குள் சூடு ஆறிவிட்டது. நீ உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாய். பெடல் கல் மாதிரி நின்றது. உன் முகத்தில் பழைய திமிர் திரும்பிவிட்டது. "பாரு, பிரேக்கு நல்லாத்தான் கீது. பூஜை போட்டதாலதான் உயிரு தப்பிச்சேன்."

"பூஜைக்குத் தொறந்ததாலதான்டா சாவப் பாத்த!"

"அப்ப ஏன் சாவல?"

கழன்ற செருப்பைத் தேடுகிற சாக்கில் நான் வைக்கோல் பக்கம் நடந்தேன்.

ஊருக்கு வந்ததும் கடையின் பின்கட்டில் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். ஒரு குவளையில் உன் டப்பாவின் மிச்சம். இன்னொன்றில் உன் கண்ணெதிரே ஸீல் உடைத்தது. ஒன்றை இறக்கி ஒன்றை வைத்தேன். உன்னுடையது கொஞ்ச நேரத்திலேயே குமிழ் விட்டது, புதியது அதே சூட்டில் அசையாமல் இருந்தது. "அப்ப ஸ்டவ்வு ஜாஸ்தியா எரிஞ்சுது" என்றாய். மறுபடி வைத்துக் காட்டினேன். "கொவளை மெலிசு" என்றாய். குவளையை மாற்றினேன். அடுத்தது என்ன சொல்லப் போகிறாய் என்று ஸ்டவ்வை உன் தலையில் போடுகிற கோபத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உதட்டுக் காயத்தைத் தடவிக்கொண்டே குனிந்து ஸ்டவ்வை அணைத்தாய்.

பிறகு சொன்னாய்: "சரி, ஸீலோடயே இருக்கட்டும். ஆனா எங்கிட்ட இருந்தா தொறந்துடுவேன். உன் கடையிலயே வை. சாமி பாக்கலன்னா என்ன, நீ பாத்துக்க."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் கடைக்கு வந்து, ஸீல் வைத்த டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாய். அதை மழை ஈரம் அண்டாத மேல்தட்டில் நான் ஏற்றுவேன். ரேஸுக்கு முன்னால் ஓடுதளத்தில் என் கையால் உடைத்து, ஊற்றி, ஏர் எடுத்து, மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைக்காமல் உன் கண்முன்னே அப்புறப்படுத்துவேன். "பாதி டப்பா வீணாப் போவுது" என்று வருடா வருடம் புலம்புவாய். ஆனால் "பாய்தான தொறந்தான்?" என்று கேட்காமல் ஒருமுறைகூட சீட்டில் உட்கார்ந்ததில்லை. நீ ஒரு கப்பும் ஜெயித்ததில்லை. வருடா வருடம் உன்னை முழுசாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எனக்கு அதுவே பெரிய கப்பாக இருந்தது.

கடைசி ஆயுத பூஜைக்கும் வந்தாய். சந்தனம் வைத்துவிட்டு இடது பக்க நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாய். "என்னடா?" என்றேன். "கேஸுடா. சுண்டல் ஜாஸ்தியாப் போச்சு" என்று சிரித்தாய். அந்த வருடத்து மழை விடுவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டாய். துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவி என்னைப் பார்த்து அழுதது இப்போதும் காதில் இருக்கிறது. "மாசக்கணக்கா வலிச்சுதாம் அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் வாயத் தொறந்தாரு. தெரிஞ்சா நீங்க ரேஸுக்கு விடமாட்டீங்க, தை முடிஞ்சதும் வேலூர்ல காட்டிக்கலாம்னு இருந்தாராம்."

அடேய், மூடி வைக்க வேண்டிய டப்பாவை ஆணி வைத்துத் திறந்தாய். திறந்து சொல்ல வேண்டிய வலியை மூடி வைத்தாய். உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

இப்போது கடைக்கு யாராவது பாதி டப்பாவைக் கொண்டுவந்து, இதை ஊற்றலாமா என்று கேட்டால், "எப்ப தொறந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். யாராவது நெஞ்சைத் தேய்த்தால், கேஸ் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் இழுத்துப் போகிறேன். இந்தக் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊரில் பேச்சு. பேசட்டும்.

பெயிண்ட் அடித்து முடிந்ததும் உன் கடைசி டப்பாவை நானே பீரோவின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். உதிர்ந்த குங்குமத்தைத் துடைக்கவில்லை. ஸீல் அப்படியே இருக்கிறது. நீ சொன்னபடி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னைத்தான் பார்த்துக்கொள்ள விடாமல் போய்விட்டாய்.