மகாராணிக்கு வைத்த ஒப்பாரி

அக்கா,

இன்று காலை எங்கள் வீட்டு நாற்காலியின் கால் ஒடிந்துவிட்டது. விறகுக்கு ஆகட்டும் என்றார் என் வீட்டுக்காரர். நான் விடவில்லை. மகாராணியின் படத்தை வைத்த நாற்காலி அது. சுரங்க ஆட்களின் லைன் வீடுகளில் அப்போது வேறு நாற்காலியே கிடையாது. அதன் எதிரே தரையில் உட்கார்ந்து நீ அழுதது கண்முன் வந்துவிட்டது.

இந்தத் தங்கவயலில் மாரிகுப்பத்திலிருந்து கோரமண்டல் வரை எந்தச் சாவு வீடானாலும் ஒப்பாரிக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள். நீயும் சும்மா போய் அழுதுவிட மாட்டாய். போனவருக்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை, எதற்குச் சிரிப்பார் என்று முதலில் விசாரிப்பாய். பிறகு நீ அழும்போது செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டது போலிருக்கும். நாங்கள் வேதக்காரர்கள், எங்கள் சபையில் ஒப்பாரி கூடாது. ஆனாலும் நீ பக்கத்து வீட்டுக்காரி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நான் பின்னால் வந்து நிற்பேன்.

ஊருக்கெல்லாம் அழுத நீ, உன் புருஷனுக்கு மட்டும் அழவில்லை. சுரங்கத்தில் பாறை சரிந்ததும், ஆழத்தில் அவர் வேலை செய்த லெவலையே மூடிவிட்டார்கள். உடல் மேலே வரவில்லை. பிணத்தை நடுவில் கிடத்தாமல் ஒப்பாரி வைப்பது நம் சனங்களிடம் வழக்கமில்லை. உயிரோடு இருப்பவரை அழுதது போலாகிவிடும் என்பார்கள். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். கல்நெஞ்சக்காரி என்று கிணற்றடியில் பேசினார்கள். ஷிஃப்டு முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும் நேரத்தில் நீ வாசலை விட்டு நகரமாட்டாய் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் சீமையில் மகாராணி காலமான சேதி வந்தது. நம்மையெல்லாம் வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி, துரைமார் மெச்சும்படி லைனிலும் துக்கம் நடத்தக் கிளம்பிவிட்டார். படத்துக்கு மாலை போட்டு, எங்கள் நாற்காலியில் சாத்தி வைத்து, உன்னை அழச் சொன்னார். அந்தம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று நீ வழக்கம்போல் கேட்டாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தேத்தண்ணீர் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீ சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பொணம் இல்லாம அழலாமா, மேஸ்திரி?"

"மகாராணி பொணத்துக்கு நான் எங்க போவேன்? படம் கீது, போதும். நீ அழும்மா."

நீ தலைமுடியை அவிழ்த்துவிட்டாய். முதல் அடி மகாராணிக்குத்தான். அடுத்த அடியிலேயே குரல் மாறிவிட்டது. "தங்கம் எடுக்கப் போன ராசா, மண்ணப் போத்திப் படுத்தியே" என்று நீ மாரில் அடித்துக்கொண்டபோது பெண்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து உன் தோளைக் கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரிக்கு மட்டும் புரியவில்லை. ராணிக்காக இப்படி உருகுகிறார்களே என்று அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். சொம்பை வாங்கிக்கொண்டு, "இன்னிக்குத்தான் அவரு செத்தாரு, தங்கச்சி" என்றாய். அதன் பிறகு கேஜ் வரும் நேரத்தில் உன்னை வாசலில் பார்க்கவில்லை.

பிளேக் வந்தபோது உன்னை ஊருக்கு வெளியே கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். எங்களை அண்டவிடவில்லை. நீ போய்விட்டாய், அங்கேயே எரித்தாகிவிட்டது என்று ஆள் வந்துதான் சொன்னான். உன் முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் செய்துவிட்டார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் வீட்டு முன்னால் பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். பிணம் இல்லையே என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. ஆனால் முதல் அடி எடுக்க ஆளில்லை. அது எப்போதும் உன் வேலையல்லவா? ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன். வார்த்தை உன்னைப் பற்றித்தான் வந்தது. மெட்டு மட்டும் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாடும் கீர்த்தனையின் மெட்டாக வந்தது. எனக்கு வேறு மெட்டுத் தெரியாது, அக்கா. பெண்கள் அதையே பிடித்துக்கொண்டு கூட அழுதார்கள். என் வீட்டுக்காரர் தெருவில் நின்று கடைசிவரை கேட்டார்.

அந்தக் கீர்த்தனையை இப்போதும் சபையில் பாடுகிறோம். சுற்றி இருப்பவர்கள் ஆண்டவரைத் துதிக்கிறார்கள். நான் உன்னை அழுதுகொண்டிருக்கிறேன்.