ஆற்றுமுகத்தில் விட்டு வந்தவர்கள்

சாந்தோ தொமிங்கோ,
1527 மார்ச் 9

என் அன்பு மென்சியாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நம்மவர் யாரும் கண்டிராத கரையொன்றை வரைபடத்தில் ஏற்றிவிட்டேன். அங்கே கடலில் கலக்கும் பெரிய ஆற்றுக்கு உன் பெயர்தான். ஆளுநர் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டித் தழுவினார். உன் தம்பி நூனோவும் நம் ஊர்க்காரர் எட்டுப் பேரும் காய்ச்சலில் காலமானார்கள். மனதைத் தேற்றிக்கொள்.

உன்
ஃபாத்ரீக்கே


மொகேர்,
1527 ஆகஸ்ட் 2

அன்புள்ள என்னவருக்கு,

கரையைப் பற்றி அத்தனை எழுதியவருக்கு என் தம்பியைப் பற்றி எழுத ஒரு வரிதான் கிடைத்ததா? அவனை எங்கே புதைத்தீர்கள்? உங்கள் கப்பலிலிருந்து திரும்பிய மாலுமி ஒருவர் சந்தையில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். நிறுத்திக் கேட்டேன். "என்னைக் கேக்காதம்மா, உன் வீட்டுக்காரரையே கேளு" என்றார். கேட்கிறேன்.

மென்சியா


சாந்தோ தொமிங்கோ,
1527 டிசம்பர் 14

மென்சியா,

ஒன்பது பேரும் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். ஆற்றுமுகத்தில் குடிசை போட்டு, இருபது நாளுக்கு ரொட்டி வைத்துவிட்டு, மீதிக் கரையை வரையக் கப்பலில் கிளம்பினேன். நூனோ சிரித்தான். "போயிட்டு வாங்க அத்தான். தாமதமா வந்தீங்கன்னா அக்காகிட்ட வத்தி வெச்சிடுவேன்" என்றான்.

பத்தாம் நாளே மாலுமிகள் திரும்பச் சொன்னார்கள். "இன்னும் ஒரு முனை, பாத்துட்டுப் போயிடலாம்" என்றேன். அதற்கப்பால் இன்னொன்று தெரிந்தது. ஐம்பதாம் நாள்தான் திரும்பினேன்.

ஐந்து மண்மேடுகள் இருந்தன. மற்ற நால்வரைப் புதைக்க ஆளில்லை. நூனோ அந்த நால்வரில் ஒருவன். என் கையாலேயே குழி வெட்டினேன். காய்ச்சலில் இறந்தார்கள் என்றே அரசருக்கும் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வரட்டுமா?

ஃபாத்ரீக்கே


மொகேர்,
1528 மே 20

என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. அந்த எட்டு வீடுகளுக்கும் போய் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு இங்கே வாருங்கள். கதவைத் திறப்பேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. சொல்லாமல் வந்தால் திறக்க மாட்டேன், அது மட்டும் தெரியும்.

மென்சியா


சான்லூக்கர்,
1528 அக்டோபர் 6

மென்சியா,

போன வியாழக்கிழமை மொகேருக்கு வந்தேன். முதலில் கத்தலீனா வீடு. "வெயில்ல நிக்கறீங்களே கேப்டன், உள்ள வாங்க" என்று மத்தி மீன் பொரித்துப் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "எம் புருஷன் கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள்.

"உன் பேரைத்தான் சொல்லிட்டிருந்தான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அதற்குப் பிறகு வேறெந்தக் கதவையும் தட்ட என்னால் முடியவில்லை. நம் தெருமுனைவரை வந்தேன். நீ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். திரும்பி வந்துவிட்டேன்.

உலகின் மறுகோடியிலுள்ள மொலுக்காத் தீவுகளுக்கு நாளை இந்தத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது. தலைமை ஏற்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டுச் சாதாரண மாலுமியாகச் சேர்ந்திருக்கிறேன்.

மற்ற ஏழு வீடுகளுக்கும் என் டிசம்பர் கடிதத்தைப் படித்துக் காட்டிவிடு. கத்தலீனாவிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, மென்சியா.

ஃபாத்ரீக்கே