ராகுகாலத்தில் ஏறிய பெயர்கள்

மாமாவுக்குப் பாலாமணியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் பெண் கனிஷ்கா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? குன்னூரில் முருகன் புண்ணியத்தில் நான் சுகம்.

வெள்ளிக்கிழமை எங்கள் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் ஒரே அமர்க்களம்! பச்சை இலை கொடுக்கும் விவசாயிகளின் பெயர்களை நான் தமிழில் ஏற்றியிருக்கும் டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு மாற்றும் நாள். பத்தரைக்கு ராகுகாலம். "அதுக்குள்ள ஆரம்பிச்சிடு கண்ணு" என்று இன்ஜினியர் பிரீத்தியை நான்தான் விரட்டினேன். அவசரத்தில் அவள் மொழி அமைப்பைப் பார்க்காமலே புதிய டேட்டாபேஸைப் போட்டுவிட்டாள். அதற்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியுமாம். பழைய தகவலை வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது; மறுநாள் காலையில் இலை எடைச்சீட்டு அடிக்கப் பெயர்கள் வேண்டுமே!

"அக்கா, பழசு பத்திரமா இருக்குங்க. புதுசை அழிச்சுட்டு, பழசோட அமைப்பையே வச்சு மறுபடி போடணும். ஆனா இப்ப ராகுகாலமாச்சே, பரவால்லீங்களா?" என்று சிரித்தாள்.

"போடு சாமி!" என்றேன்.

போட்டாள். திரை முழுக்கத் தமிழ்ப் பெயர்கள், ஓர் எழுத்தும் குறையாமல்! சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டேன்.

இங்கே குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது; நல்லெண்ணெய் வேண்டும். பார்சலில் அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுவாருங்கள். ஃபேக்டரிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். ஏனுங்க, நேரம் காலமெல்லாம் பார்க்க வேண்டாம், கிளம்பி வாருங்கள்.

உங்கள் பாலாமணி