இருபத்திரண்டு அங்குல நாற்காலி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று சொல்லித்தான் ஒரு கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், சொல்லிவிட்டேன். நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் கோபம்தான். பத்து நாளாக அடக்கி அடக்கி வைத்து இன்றைக்குத்தான் காகிதத்தை எடுத்தேன். போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறக்கும்போதே அம்மா ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது என்பாய். காகிதத்துக்கு இன்னொரு கால் வராது. அதனால் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படி.

சோபா எப்படி இருக்கு, அப்பாவுக்குப் பிடிச்சிருக்கா, அப்பா ஏன் போனையே எடுக்கறதில்லை என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் நான் நல்லா இருக்குடா, அவர் தூங்கறார்டா என்று பொய் சொன்னேன். உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவருக்குச் செய்த சத்தியத்தை நான் மீறியதில்லை, இப்போது மீறுகிறேன், அந்தப் பாவமும் உன் கணக்கில்தான் சேரும். அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார், நான் சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும், நீ வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது, முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் வீட்டில் இருக்கும் நாற்காலி எல்லாமே தாழ்வு, அப்பாவோ வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். உட்கார்ந்தால் எழுந்திருக்க என் தோள் வேண்டும். ஒரு பேருந்து நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனுஷன் கழிப்பறைக்குப் போக என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட வெட்கப்பட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நான் வைத்த சொம்பு வைத்தபடியே இருக்கும், தாகமே இல்லம்மா என்பார். உதடு வெடித்து, சிறுநீரில் எரிச்சல் வந்து, பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். உங்களுக்கு உயரமான, கை வைத்து ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி நாற்காலி வேணும் சார் என்று அளவெடுக்கவும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் பத்தொன்பது அங்குலம், அதற்கு மேல் மூன்று, ஆக இருபத்திரண்டு. கடை கடையாக ஏறி இறங்கினேன், எல்லாம் பதினேழு, பதினெட்டு. செய்து கொடுங்கள் என்றால் ஒரு நாற்காலிக்கெல்லாம் ஆள் வராதும்மா என்றார்கள். சரி போ, நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

நீ சிரிப்பாய், மரக்கடைக்காரரும் சிரித்தார். தையல் கம்பெனியில் துணி வெட்டுகிற மேஜையில் முப்பது வருஷம் நின்றவள் நான், அளவு எனக்குப் புதிதா என்று நினைத்தேன். அங்கேதான் அடி வாங்கினேன். உட்காரும் பலகைக்கு ஒரு அங்குலம் போக, ஏழடிக் கட்டையில் இருபத்தோரு அங்குலத்தில் நாலு கால், கணக்குச் சரியாக வருகிறது, ஒவ்வொன்றாக அளந்து அளந்து அறுத்தேன், நாலாவது மட்டும் குட்டையாக நிற்கிறது. கத்தரி துணியைத் தின்பதில்லை, ரம்பம் மரத்தைத் தின்கிறது, ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு துளி தூளாகப் போய்விடுகிறது, அது எனக்கு எப்படித் தெரியும்? அப்பா கட்டிலில் படுத்தபடி பார்த்துவிட்டு, கால், கால் அங்குலம் குறையுதும்மா என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் ஜோக் அதுதான். மற்ற மூன்றையும் அதன் அளவுக்கு வெட்டிவிடலாமா என்று கேட்டேன், நீ வெட்டி வெட்டிச் சரி பண்ணினா கடைசியில மணைதான் மிஞ்சும், வேற கட்டை வாங்கு என்றார். வாங்கினேன். முதலில் துளை போடாமல் திருகாணியை முறுக்கி இரண்டு கட்டையைப் பிளந்தேன். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பசை தடவி, மறுநாள் பார்த்தால் நாற்காலி குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஈரத்துணி போட்டு ஊற வைத்துப் பிரித்தேன். இறுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் என் பழைய புடவையை முறுக்கிக் கட்டி, நடுவில் கரண்டியைச் செருகித் திருகினேன். அந்தக் கரண்டி வளைந்துவிட்டது, இன்னும் அதில்தான் குழம்பு ஊற்றுகிறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை முழுக்க அப்பாவுடையது. மடியில் கட்டையை வைத்துக்கொண்டு தேய்ப்பார், கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார், இங்க ஒரு சொரசொரப்பு என்று மறுபடி தேய்ப்பார். கைப்பிடிக்கு அடியில் ஒரு முட்டு கொடும்மா என்று அவர் சொன்னதை நான்தான் கேட்கவில்லை, அழகு கெட்டுவிடும் என்றேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதம் ஆனது. முடித்து ஜன்னல் பக்கம் போட்ட அன்று, இரண்டு கைப்பிடியிலும் உள்ளங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, என்னைத் தொடாமல் எழுந்து நின்றார். நின்றுகொண்டே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொன்று கொண்டா என்றார்.

அந்த நாற்காலியைத்தான் நீ வீடியோ காலில் பார்த்துவிட்டு, என்னம்மா இது, நீதிபதி உக்கார்ற மாதிரி இருக்கு, பொழுது போகலைன்னா செய்யுங்க, ஆனா ஹால்ல போடாதீங்க, வர்றவங்க என் மானத்தை வாங்குவாங்க என்றாய். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். எனக்கு எப்படிம்மா தெரியும் என்று இப்போது கேட்பாய். கேட்டாயா? எதற்கு இவ்வளவு உயரம் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? மகன் கேட்டிருந்தால் அவர் வெட்கத்தை விட்டுச் சொல்லியிருப்பார்.

அப்புறம் உன் பரிசு வந்தது. எழுபதாவது பிறந்த நாள், சொல்லாமல் அனுப்பி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று உன் ஆசை. நான் மருத்துவமனையில் மாத்திரை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு ஆட்கள் அந்தச் சோபாவைக் கொண்டுவந்து இறக்கி, புதியதுக்கு மாற்றாகப் பழைய நாற்காலியை எடுத்துக்கொண்டு போக நீ சொல்லியிருக்கிறாய் என்று, அப்பாவை அதில் உட்கார வைத்துவிட்டு நம் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். நான் வந்து கதவைத் திறந்தால், அப்பா அந்தச் சோபாவுக்குள் கிடக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதக் கை வரவில்லை, கிடந்தார். பஞ்சு அவரை இடுப்பு வரைக்கும் விழுங்கியிருந்தது, சோபாவின் கால் நீட்டும் பலகை மேலே தூக்கி நின்றது, அதை மடக்கத் தெரியவில்லை, ஊன்றி எழக் கைப்பிடி எட்டவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே. உடுப்பெல்லாம் நனைந்து, உன் புதுச் சோபாவும் நனைந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் இருந்ததே, கூப்பிட்டிருக்கலாமே என்றேன். யாரைக் கூப்பிட்டு என்னன்னு சொல்றது என்றார். அவரைத் தூக்கி, துடைத்து, மாற்றிப் படுக்க வைத்த பிறகுதான் அந்தச் சத்தியத்தை வாங்கினார்.

அப்போதுகூட எனக்கு உன் மேல் இவ்வளவு கோபம் இல்லை, தெரியாமல் செய்துவிட்டான், ஆசையாகச் செய்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் மேல் வீட்டு அம்மாவை அப்பாவுக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு அந்தக் கடையின் கிடங்குக்குப் போனேன். கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், கொடுத்த பொருள் கொடுத்ததுதான்மா, திரும்பத் தர வழியில்லை என்றார். கொடுத்தது யார், செய்த கை கொடுக்கவில்லை, உட்கார்ந்தவர் கொடுக்கவில்லை, கடல் தாண்டி இருக்கிறவன் கொடுத்தால் அது கொடுத்ததா என்று போட்ட சத்தத்தில் சுமை இறக்குகிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர், நம் வீட்டுக்கு வந்தவர், தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தார். அம்மா, ஐயா வேணாம்னுதான் சொன்னாரு, நாற்காலியை விட மாட்டேன்னு கையால பிடிச்சிக்கிட்டாரு, அதனாலதான் நாங்க சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சோம், அப்பா நீங்க சும்மா இருங்க, அவங்க வேலையை அவங்க செய்யட்டும்னு சார்தான் சொன்னாரு, ஐயா உடனே கையை எடுத்துட்டாரு என்றார்.

அப்பா இதை என்னிடம் சொல்லவே இல்லை. சத்தியம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நனைந்ததை மறைக்க இல்லை, நீ சொன்னதை மறைக்க. இரண்டு அந்நிய ஆட்கள் நடுவில் பெற்ற தகப்பனைச் சும்மா இருக்கச் சொன்னாயே, உனக்கு நாக்கு எப்படி வந்தது? நீ நடக்கப் பழகியபோது ஒரு நாளாவது அவர் உன்னைச் சும்மா இரு என்று சொல்லியிருப்பாரா? கேட்டால் மீட்டிங்கில் இருந்தேன், அவசரம் என்பாய். உன் அவசரம் எனக்கு வேண்டாம்டா. ஆசையாகச் செய்தேன் என்பாய். ஆசைக்கு ஒரு காது வேண்டாமா? எதிரில் இருக்கிறவர் வேண்டாம் என்றால் கேட்கிற காது?

நாற்காலி கிடங்குக்குப் பின்னால் உடைந்த கட்டில்களுக்கு அடியில் கிடந்தது. நானே இழுத்து எடுத்தேன். வலது கைப்பிடி பெயர்ந்து தொங்கியது, அப்பா தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய பக்கமெல்லாம் கீறல். அந்த இரண்டு ஆட்களும் யாரையும் கேட்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கூடத்தில் இறக்கிவிட்டு, அப்பாவைப் பார்த்து மன்னிச்சிருங்க ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறிமுகம் இல்லாத ஆட்கள் அவர்கள், அதை நினைவில் வை. அப்பா கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அன்னிக்கே முட்டு கொடுன்னு சொன்னேன் என்றார். ஆமாம், சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். டிரில்லிங் மெஷினை இப்படிக் கொடு என்று வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தபடி அவரே துளை போட்டு, அவரே முட்டு வைத்து முடுக்கினார். முட்டு வைத்தது கண்ணுக்கு அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு பேர் ஏறி நின்றாலும் அசையாது.

இப்போது குளியலறைக்கு ஒரு உயர முக்காலி என்று அவரே ஆரம்பித்திருக்கிறார். எனக்கு அனுமதி இல்லை, பசைப் புட்டியை எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். நேற்றுச் சுத்தியலால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டு, ஓட்டுநர் வேலையில் இருந்தபோது எதிரே வந்த லாரிக்காரர்களுக்குச் சொல்வாரே, அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார். மேல் வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, ஒரு வருஷமாக இந்த வீட்டில் அந்தக் குரலே கேட்கவில்லை.

நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். கடைக்குப் போன் பண்ணி அந்தச் சோபாவை எடுத்துக்கொண்டு போகச் சொல். வாங்கியவர் சொன்னால்தான் எடுப்பார்களாம். துவைத்துக் காய வைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன், கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. கடையிலிருந்து எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள். குழந்தைக்குச் சளி என்றாயே, தலையை ஈரத்தோடு விடாதே. மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம், அவள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டில் எந்தக் குறையும் வரக் கூடாது, உனக்கு வயதாகும்போது நீ சொல்வதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும். இது சாபம் இல்லை, ஆசீர்வாதம்தான், அப்படியே எடுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கு. அவன் கூப்பிட்டால் எடுப்பீர்களா என்று நேற்றுப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், கூப்பிட்டா பாக்கலாம் என்றார், அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. போனை எதிர்ச்சுவர் அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறார், நடந்து போய் எடுத்தால் அதுவே பயிற்சியாம். அதனால் நேரமாகும். பாதியில் வைத்துவிடாதே, மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். எழுந்து வருவார்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா